மூலையில் நின்றவன்

எங்கள் கம்பெனி வாசலில், விரல் வைத்து வருகை பதியும் மெஷினுக்கு மேலே ஒரு புகைப்படம் தொங்குகிறது. மூன்று பேர் என்னைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள். நான் பல்லெல்லாம் தெரிய வாயைப் பிளந்துகொண்டிருக்கிறேன். ஓரமாக, ஏழாம் நம்பர் பனியன் போட்ட ஒருவர் கைதட்டிக்கொண்டிருக்கிறார். அவர்தான் கேப்டன். காலையில் விரல் வைக்கும்போது ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அந்தப் படத்தைப் பார்க்காமல் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. சனியன், ஆறு வருஷமாக இதே கதைதான்.

கேப்டன் பெரியகுளம் பக்கத்துக்காரர். அந்தப் பக்கத்தில் கூடைப்பந்து தெரியாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். விசாவில் அவர் வேலை ஹெல்பர் என்று போட்டிருந்தது, ஆனால் அவர் ஒரு பெட்டியைத் தூக்கி நான் பார்த்ததில்லை. விளையாடத்தான் சம்பளம். எங்கள் மேனேஜருக்கு கம்பெனிகள் ஆடும் லீக் என்றால் பைத்தியம். அப்படி நாலு பேரை வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்தார். களத்தில் நிற்கும் ஐந்து பேரில் ஒருவராவது கம்பெனியின் பழைய ஊழியராக இருக்க வேண்டும் என்று லீக்கில் ஒரு விதி. ஸ்டோர்கீப்பராகிய நான் உயரமாக இருந்தேன், அவ்வளவுதான் என் தகுதி. வலது மூலையில் போய் நில், யார் வழியிலும் வராதே என்பார்கள். நானும் நின்றேன். எதிரணிக்காரர்கள்கூட என்னைக் காவல் காக்க ஆள் விடமாட்டார்கள். அவ்வளவு மரியாதை எனக்கு!

ஷார்ஜாவின் ரோலா பகுதியில் ஒரே ரூமில் எட்டுப் பேர் இருந்தோம். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கின் ப்ளே-ஆஃப் சுற்று நடக்கும் மாதங்களில், விடிந்ததும் டியூட்டி பஸ் வரும்வரை, கேப்டன் வாயில் பிரஷ்ஷோடு போனில் ஆட்டம் பார்ப்பார். நாற்பது, ஐம்பது பாயிண்ட் அடித்தவனைப் பற்றி நாங்கள் வாயைப் பிளந்தால் அவருக்கு எரிச்சல் வரும். "அடிக்கிறது என்னய்யா பெரிசு? கடைசி நிமிசத்துல ரெண்டு பேரு மேல விழுறப்போ, சும்மா நிக்கிறவன் கையில பந்தைக் குடுக்குறான் பாரு, அவன்தான்யா ஆட்டக்காரன்" என்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "யோவ் ஸ்டோரு!" என்பார், அது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த வருஷம் எங்கள் லீக்கின் அரையிறுதிக்கு நாலு நாள் முன்னால் கேப்டனுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அவருடைய அக்கா மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தார். அப்பா அம்மா போனபின் அவரை வளர்த்தவர் அந்த அக்காதான். தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய், அவருடைய முதல் கேன்வாஸ் ஷூவை வாங்கிக் கொடுத்தவர். இனி ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள், இப்போது வந்தால் ஆளை அடையாளம் தெரியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் போல அவருடையதும் மேனேஜரின் இரும்பு அலமாரியில் இருந்தது. கேப்டன் போய் நின்றார், நானும் கூட நின்றேன். மேனேஜர் தலையை நிமிர்த்தவே இல்லை. "பஹலே ப்ளே-ஆஃப், பாத் மே சுட்டி. கலாஸ்." முதலில் ஆட்டம், பிறகுதான் லீவு, பேச்சு முடிந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த அலமாரியை உதைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? "ஓகே சார்" என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் துபாய் அல் குசைஸில், ஒரு பள்ளிக்கூடத்தின் உள்ளரங்கில் ஆட்டம். ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே கேப்டன் என்னிடம் மட்டும் சொன்னார்: "யோவ், இன்னிக்குத் தோத்தா நாளைக் காலையில பாஸ்போர்ட்டு கைக்கு வந்துரும், ராத்திரி மதுரைல இருப்பேன். ஜெயிச்சா பைனல், இன்னும் பன்னெண்டு நாளு. அக்கா தாங்காதுய்யா." அப்படியானால் விட்டுக்கொடுத்துவிடுங்கள் என்றேன். "அந்தாளு பெஞ்சுக்குப் பின்னாடியே உக்காந்திருக்கான். நான் சும்மா ஆடுனா கண்டுபிடிச்சிருவான். அப்புறம் லீவே கிடையாது" என்றார்.

பாதி ஆட்டம்வரை எல்லாம் அவர் நினைத்தபடிதான் போனது. நாங்கள் நன்றாகவே பின்தங்கியிருந்தோம். அதற்குப் பிறகு அவர் ஆடியதைப் போல ஓர் ஆட்டத்தை நான் இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. பந்து யார் கையில் இருந்தாலும் பிடுங்கினார். கோட்டுக்கு வெளியே இருந்து எறிந்தார், ஒற்றைக்காலில் சாய்ந்தபடி எறிந்தார், எல்லாம் வலைக்குள் விழுந்தது. எதிரணிப் பெஞ்சே எழுந்து நின்று பார்த்தது. ஒரு நிமிச இடைவேளை கேட்டு வந்து உட்கார்ந்தவர் டவலால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரா வியர்வையா என்று எனக்குத் தெரியவில்லை. "என்னால முடியலய்யா. கை கேக்க மாட்டேங்குது" என்றார்.

கடைசிச் சில வினாடிகள், ஒரே ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். பந்து அவரிடம்தான் இருந்தது. இரண்டு பேர் அவர்மேல் விழுந்தார்கள். நான் என் மூலையில் வழக்கம்போலத் தனியாக நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்த சீசன் முழுக்க ஒரு தடவையும் வராத பந்து என் நெஞ்சுக்கு நேராக வந்தது. எறிந்தேன். வளையத்தில் பட்டு, ஒரு தடவை எம்பி, உள்ளே விழுந்தது.

புகைப்படம் எடுத்தது அப்போதுதான்.

பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். திறக்க முடியாத கண்ணாடி ஜன்னல், வெளியே நகராத ஷார்ஜா டிராஃபிக். ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "நீ போட மாட்டேன்னுதானய்யா உன்கிட்டக் குடுத்தேன்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "கை தானாப் போயிருச்சு கேப்டன்" என்றேன். என் முழங்காலில் தட்டினார். "தெரியும்யா. எனக்கும் அப்படித்தான போச்சு. ஆனா ஒண்ணு, அழகாப் போட்ட."

போன் வந்த எட்டாம் நாள் அக்கா இறந்துபோனார். அடக்கத்தை போனில் வீடியோவாகப் பார்த்தார் கேப்டன், குளியலறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு. பைனலில் படுகேவலமாகத் தோற்றோம். மறுநாள் பாஸ்போர்ட்டைக் கொடுத்தார்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. என்னோடு பேசவும் இல்லை, நானும் கூப்பிடவில்லை. அந்த மேனேஜர் இன்னும் இருக்கிறார். என் பாஸ்போர்ட் இன்னும் அதே அலமாரியில் இருக்கிறது. அரையிறுதியில் ஜெயித்தது மட்டும் சுவரில் தொங்குகிறது. புதிதாக வரும் பையன்கள் "அண்ணே, வின்னிங் ஷாட் நீங்களாண்ணே?" என்று கேட்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

போன வாரம் காலையில் மெஷினுக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது கேப்டனிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவை. பின்னால் சேவல் கூவுகிறது, டிவி சத்தம் கேட்கிறது. "யோவ் ஸ்டோரு! ப்ளே-ஆஃப் பாத்தியா? பெரிய ஆளை ரெண்டு பேரு அமுக்கிட்டானுங்க, மூலையில நின்னவன் போட்டுட்டான்யா! உன் ஞாபகம்தான் வந்துச்சு." அவர் குரலில் துளி கசப்பில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு என் கை தானாகப் போகவில்லை. பந்து வந்தபோது எனக்கு நேரம் இருந்தது. அக்காவை நினைத்தேன், பன்னிரண்டு நாளை நினைத்தேன், பெஞ்சில் எல்லோரும் என்னைப் பார்ப்பதையும் பார்த்தேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை நானும் போடவேண்டும் என்றிருந்தது. குறி பார்த்துத்தான் எறிந்தேன்.

வரிசையில் நின்றபடியே மைக்கை அமுக்கினேன். "கேப்டன், அன்னிக்கு நான் தெரிஞ்சேதான் போட்டேன்." விரலை எடுத்ததும் போய்விட்டது. பின்னால் நின்றவர் "யல்லா பாய், ஜல்தி" என்று அவசரப்படுத்தினார். மெஷினில் விரலை வைத்தேன். மேலே படத்தில் அவர் எனக்காகக் கைதட்டிக்கொண்டிருந்தார்.