டக்கு வண்டி

நனைத்த சாக்கை ரேடியேட்டர் மூடியின் மேல் போட்டு, கால் திருகு மட்டும் திருகி, முகத்தை ஒதுக்கிக்கொள்கிறார் ராஜமாணிக்கம். உஸ்ஸென்று ஆவி அடங்குகிறது. மூடியை எடுத்துவிட்டு, வண்டிக்கு அடியில் வைத்திருந்த நீலப் பிளாஸ்டிக் பேசினை இழுக்கிறார். அதில் சொட்டியிருக்கும் பச்சைக் கூலண்டைப் பழைய வேட்டித் துண்டில் வடிகட்டி, சிந்தாமல் திரும்ப உள்ளே ஊற்றுகிறார். எஞ்சினை மட்டும் நிறுத்துவதில்லை. திருத்தணி மலையடிவாரத்தில், பொய்கைக்குத் திரும்பும் பாதையோரம், அந்த வெள்ளை டீசல் அம்பாசடர் காலை ஆறு மணியிலிருந்து நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. பானட்டுக்குள்ளே டக்டக்டக்டக்கென்று தகரம் தட்டுப்படும் சத்தம். பின்பக்கத்து இடது கதவு திறந்தே கிடக்கிறது.

மொட்டைத் தலையில் சந்தனம் காயாமல் இறங்கி வருகிறவர்களில் யாராவது ஒரு தர்மவான் நின்று புத்தி சொல்லாமல் போவதில்லை.

"பெரியவரே, வண்டிய ஆஃப் பண்ணுங்க. டீசல் வீணாப் போவுது."

"போவட்டும்பா."

ராஜமாணிக்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. ஆர்.கே.பேட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் கரும்பும் ஒரு கிணறும் உண்டு. வலது முன்னங்கையில் கொதிநீர் பட்ட தழும்புகள், பழையதும் புதியதுமாக. அரைக்கைச் சட்டையின் பையில் போனுக்குப் பதில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர். மாதம் ஒரு கிருத்திகை வருகிறது. ஒன்றைக்கூட அவர் விட்டதில்லை. ஆனால் மலையேறிச் சாமி பார்த்து ஆறு வருஷமாகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஆடிக் கிருத்திகையில்தான் அவருடைய ஒரே மகன் குமரேசன் இந்த இடத்தில் தொலைந்துபோனான். அப்போது பத்தொன்பது வயது. உடம்பு வளர்ந்ததே தவிர, புத்தி நாலு வயதோடு நின்றுவிட்டது. அவனுக்கு மொத்தம் மூன்று சொல்: அம்மா, நைனா, டக்கு. டக்கு என்றால் இந்த வண்டி. பாலாபுரம் தாண்டி ஓர் எருமையில் மோதியதில் எஞ்சினைக் குளிர்விக்கும் ஃபேனின் ரெக்கை ஒன்று வளைந்து, அன்றிலிருந்து அதைச் சுற்றியிருக்கும் தகரத்தில் தட்டிக்கொண்டே ஓடுகிறது வண்டி. அந்தச் சத்தம் ஊர் எல்லையில் கேட்டால் போதும், எந்த வயலில் இருந்தாலும் குமரேசன் "டக்கு, டக்கு" என்று பாய்ந்து ஓடி வருவான். ஒருமுறை பள்ளிப்பட்டுச் சந்தையில் அவன் காணாமல் போனபோது, ராஜமாணிக்கம் தேடி அலையவில்லை. வண்டியைக் கிளப்பிவிட்டு நின்றார். பத்து நிமிஷத்தில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பின்சீட்டில் குந்திக்கொண்டான் பிள்ளை.

அன்றைக்கும் அப்படித்தான் பின்சீட்டில் குந்தியிருந்தான். மொட்டை போட்டு, சந்தனம் பூசி, கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட். காவடிக்குப் பூ வாங்க அவரும் மனைவி தமயந்தியும் எதிர்ச்சாரிக்குப் போனார்கள். சாவியைத் திருகி வண்டியை நிறுத்திவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது கதவு திறந்திருந்தது.

"ஓடிகினு இருந்திருந்தா எறங்கியிருக்க மாட்டான். எறங்கினாலும் சத்தத்துக்குத் திரும்பியிருப்பான். நான்தான் ஆஃப் பண்ணிட்டேன்" என்பார். ஆறு வருஷத்தில் இதைத் தவிர அவர் வேறு எதையும் முழுசாகப் பேசியதில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்தார், போட்டோ ஒட்டினார், சென்னையில் அனாதை இல்லங்கள் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கினார். பெற்ற மனம் பித்து என்று சொல்லிவிட்டு ஊர் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. சொல்வதற்கென்ன, வாய்க்கு வலிக்கவா போகிறது? ஆயிரம் மொட்டைத் தலைக்கு நடுவில் ஒரு மொட்டைத் தலையைக் கண்ணால் தேட முடியாது என்று அன்றைக்கே தெரிந்துகொண்ட மனிதர் அவர். அதனால்தான் சத்தத்தை நம்பி நிற்கிறார்.

நாள் பூராவும் நின்ற இடத்தில் ஓடினால் எந்தக் கிழட்டு வண்டி தாங்கும்? ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. சோளிங்கர் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வீரபத்திரன் அதைக் கழற்றி நாலு தடவை ஈயம் வைத்துப் பத்தவைத்தான். ஐந்தாவது தடவை ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ண்ணா, இது தானா விழுற ஓட்டையில்ல. ஃபேன் தகரம் லூசா கீது. ரெக்கை தகரத்தத் தட்டுது, தகரம் போய் ரேடியேட்டர ராவுது. நான் எத்தினி தடவ பத்தவெச்சாலும் அதே எடத்துலதான் ஒழுவும். ரெண்டு போல்ட்ட முடுக்கினா ஒழுவுறதும் நிக்கும், சத்தமும் நிக்கும்."

"சத்தம் நிக்கக் கூடாது வீரபத்திரா. ஓட்டைய மட்டும் அடச்சிக் குடு."

"அது எப்பிடிண்ணா ஆவும்? அந்தச் சத்தம்தாண்ணா ஓட்டையே போடுது."

"முடிஞ்ச மட்டும் செய்."

வீரபத்திரன் மறுபடியும் ஓட்டையை மட்டும் அடைத்தான். அது மறுபடியும் ஒழுகியது. ஏழாவது தடவை வண்டி ஷெட்டில் நிற்கும்போது, ராஜமாணிக்கத்துக்குத் தெரியாமல் டவுன் பஸ் ஏறி வந்தாள் தமயந்தி. அவள் இரண்டாவது வருஷத்தோடு மலையடிவாரத்துக்கு வருவதை விட்டுவிட்டவள். ஷெட்டுக்குள் வராமல் வெளியே நின்றே பேசினாள்.

"தம்பி, கிருத்திகைக்குக் கிருத்திகை பொழுது சாய இந்த வண்டி ஊருக்குள்ள வருது. சத்தம் கேட்டதும் இந்தப் பாழும் ஒடம்பு எழுந்து ரோட்டுக்கு ஓடுது. புள்ள சக்கரத்துல வுழுந்துடப் போறான், புடிக்கணும்னு ஓடுது. அவன் அப்பிடித்தான தம்பி ஓடுவான்? பாதி தூரம் ஓடினப்புறந்தான் நெனப்பு வருது, புடிக்கிறதுக்கு அவன் இல்லேன்னு. அவுரு வண்டிய உள்ள விடுறதுக்குள்ள திரும்பி வந்து அடுப்பாண்ட குந்திக்குவேன். எனுக்கு முடியல. அந்தச் சத்தத்த நிறுத்திடு."

வீரபத்திரன் ஓட்டையை அடைத்து, இரண்டு போல்ட்டையும் இறுக முடுக்கிவிட்டான். வண்டியை எடுக்க வந்த ராஜமாணிக்கம் சாவியைத் திருகிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். எஞ்சின் சீராக ஓடியது. தகரச் சத்தம் பொட்டுகூட இல்லை. ஓடி வந்து வீரபத்திரன் சட்டையைப் பிடித்துவிட்டார். அவன் கையைத் தட்டிவிடவில்லை. "அண்ணிதாண்ணா கேட்டாங்க" என்று சொல்லி, தமயந்தி சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னான்.

சட்டையை விட்டார். ஒரு பழைய டயரின் மேல் போய் உட்கார்ந்தார். ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சோற்றைத் தின்றுகொண்டு, அவள் இப்படி மாதம் தவறாமல் ரோட்டுக்கு ஓடித் திரும்புவது அவருக்குத் தெரியாது. அன்றைக்கு அந்த மனிதரைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை என்று வீரபத்திரன் இன்றும் சொல்கிறான்.

அடுத்த கிருத்திகைக்கு அந்தச் சத்தமில்லாத வண்டியோடுதான் வந்து நின்றார். ஒரு மணி நேரம் பொறுத்தார், இரண்டு மணி நேரம் பொறுத்தார். அரோகரா சொல்லிக்கொண்டு காவடிகள் போயின. இந்த நிமிஷம் அவன் பக்கத்துத் தெருவில் போய்க்கொண்டிருந்தால் எதைக் கேட்டுத் திரும்புவான் என்ற எண்ணம் வந்துவிட்டது. வந்த பிறகு அவரால் உட்கார முடியவில்லை. ஆட்டோ ஸ்டாண்டில் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் இரவல் வாங்கி வந்து, பானட்டைத் திறந்து இரண்டு போல்ட்டையும் தளர்த்தினார். டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. சாயங்காலம் வரை பின்கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார்.

இரவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே நம்பரில் சொந்தமாக ஒன்று வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மூன்றாவது மாதமே பழைய இடத்தில் ரேடியேட்டர் கசிந்தது. இந்த முறை அவர் ஷெட்டுக்குப் போகவில்லை, பேசின் வாங்கிக்கொண்டார். வீரபத்திரன்தான் மனசு கேட்காமல் வழியில் மறித்துச் சொன்னான்.

"ஒரு நாளு தண்ணி பூரா எறங்கி எஞ்சினே சூட்டுல இறுகிப் புடிச்சிக்கும்ணா. அப்புறம் சத்தத்துக்கு எங்க போவீங்க?"

"ஆங்" என்றார் ராஜமாணிக்கம். அவருக்கு அது தெரியாதா என்ன?

பொழுது சாய்கிறது. கடைசிக் காவடியும் இறங்கிவிட்டது. பின்கதவைச் சாத்திவிட்டு வண்டியை ஊர்ப்பக்கம் திருப்புகிறார். கரும்புத் தோட்டத்துக்கு முன்னால் ஒரு சிறுபாலம் இருக்கிறது. அதைத் தாண்டினால் வீட்டில் தமயந்திக்குச் சத்தம் கேட்கும். பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தி, சூடு ஆறும் முன்பே பானட்டைத் தூக்கி, முதல் போல்ட்டை முடுக்குகிறார். இரண்டாவது போல்ட்டில் அரைத் திருகு மிச்சமிருக்கும்போது அவர் கை தானாக நிற்கிறது. வந்த ரோட்டை ஒரு தடவை திரும்பிப் பார்க்கிறார். பிறகு அந்த அரைத் திருகையும் முடுக்கிவிட்டு, ஸ்பானரைப் பையில் போட்டுக்கொள்கிறார்.