நல்ல தண்ணீரில் நனைந்த புத்தகம்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன், ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரியில் நடந்தது இது.

அப்போது நான் பொன்னேரியில் ஒரு வங்கியில் எழுத்தர். கல்யாணம் ஆகாத வயது. பழைய புத்தகம் சேர்ப்பதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஒரு ஞாயிறு சென்னை நடைபாதைக் கடைகளில் புழுதி கிளப்பிக்கொண்டு இருப்பேன். அடுத்த ஞாயிறு பழவேற்காட்டில், டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கும் தோட்டத்தில் இருப்பேன். கற்களில் செதுக்கியிருக்கும் எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் புரியாது. கோட்டை கட்டி, வியாபாரம் செய்து, இங்கேயே செத்தும்போன இந்த மனிதர்கள் ஏதாவது படித்திருப்பார்கள் அல்லவா, அந்தப் புத்தகங்கள் எல்லாம் எங்கே போயின என்று தோன்றும். அதில் ஒன்றாவது என் கைக்குக் கிடைத்துவிடாதா என்று ஏங்கியிருக்கிறேன்.

கிடைத்தது. வங்கிக்கு வந்துபோகும் சுண்ணாம்புக்குளத்து விவசாயி ஒருவர், என் பைத்தியத்தைக் கேள்விப்பட்டு, தன் வீட்டுப் பரணில் டச்சுக்காரன் புத்தகம் ஒன்று கிடப்பதாகச் சொன்னார். அந்த ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினேன். தோல் அட்டை, செங்கல் அளவு கனம், உள்ளே கெட்டியான காகிதம். "எங்க நைனா காலத்துல இருந்து கிடக்குது சார். எலி தின்றதுக்கு பதிலா நீங்க எடுத்துனு போங்க" என்று சும்மாவே கொடுத்துவிட்டார்.

வந்த வழியே பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். டச்சுப் புத்தகத்தைப் படகில் வைத்துப் பழவேற்காட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று ஒரு வீம்பு வந்தது. அந்தப் பக்கம் போகவிருந்த பாய்மரப் படகு ஒன்றில் கேட்டு ஏறிக்கொண்டேன்.

கோடையில் ஏரியில் தண்ணீர் குறைந்து, அங்கங்கே மணல்திட்டு தலைதூக்கியிருக்கும். பாதி வழியில் படகு ஒரு திட்டில் உரசி நின்றது. அதே நேரம் தெற்கிலிருந்து காற்று ஓங்கி அடிக்க, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் பலகையைப் பிடித்துக்கொண்டேன். மடியில் இருந்த பை வழுக்கித் தண்ணீரில் விழுந்தது.

இடுப்பளவு ஆழம்தான். படகுக்காரர் குதித்துத் துழாவி எடுத்துக் கொடுத்தார். ஆனால் கோடைக்காலத்து ஏரித் தண்ணீர் கடலைப் போலவே உப்பு. புத்தகம் ஊறி, பக்கங்களிலிருந்து கலங்கலாக வடிந்தது. படகுக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் தெரிந்த மீனவக் குப்பத்தில் படகை ஒதுக்கினார்.

கரையில் நாலைந்து பெண்கள் இறால் காயவைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் புத்தகத்தை வெயிலில் விரிக்க இடம் தேடினேன். நாற்பது வயது இருக்கும் ஓர் அம்மா எழுந்து வந்தார். ஒன்றும் கேட்காமல் புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். குடிசைக்குள் போய் ஒரு பானையைத் தூக்கிவந்து, அலுமினிய அன்னக்கூடையில் கொஞ்சம் தண்ணீர் சாய்த்து, புத்தகத்தை அதற்குள் முக்கினார்.

எனக்கு உலகமே இருண்டது. "ஏய், இன்னா பண்றே நீ? புத்தகத்தப் பத்தி உனக்கு இன்னா தெரியும்? படிச்சிருக்கியா நீ?" என்று கத்தினேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். அவற்றை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. சுற்றி இருந்த பெண்கள் அனைவரும் கைவேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

அந்த அம்மா நிமிரவில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல ஒரு கையால் அட்டையைத் தாங்கி, மறு கையால் தண்ணீரை அளைந்துகொண்டே பேசினார்.

"உப்போட காய வச்சா காயாது சார். காஞ்ச மாதிரி தெரியும். ஈரக்காத்து வந்தா மறுபடியும் கசியும். முந்தி ஒரு புயல்ல எங்க ரேஷன் கார்டு நனைஞ்சி, அப்டியே வெயில்ல வச்சேன். மழைக்காலத்துல பிசுபிசுத்து நைஞ்சி போச்சி. அடுத்த புயல்ல வீட்டுப் பத்திரத்த நல்ல தண்ணியில அலசி, நிழல்ல வச்சேன். இன்னும் பொட்டியில கீது. வேணும்னா காட்றேன்."

அவர் மூன்று முறை தண்ணீர் மாற்றினார். பழைய பருத்திப் புடவை ஒன்றைக் கிழித்து, பக்கங்களுக்கு நடுவே துண்டு துண்டாக வைத்தார். வலை வைக்கும் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்து, துணி நனைய நனைய மாற்றினோம். இறால் வேலையை விட்டுவிட்டு மற்றப் பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள்.

நடுவில் ஒரு கப்பல் படம் வந்தது. ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டு, "பாய் இந்தப் பக்கம் உப்பிக்கினு கீது, கொடி அந்தப் பக்கம் பறக்குது. வரைஞ்சவன் கடலுக்கே போனதில்ல போல" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். எத்தனை முறை பார்த்திருந்தாலும் அந்தத் தவறு என் கண்ணில் பட்டிருக்காது.

பிறகு அந்த அம்மா கேட்டார். "இதுல இன்னா சார் எழுதிகீது?"

"தெரியாதும்மா. டச்சு மொழி. எனக்குப் படிக்க வராது."

அவர் ஈரத் துணியை உருவிக்கொண்டே, "அப்ப நீங்களும் எங்கள மாதிரிதானா?" என்றார். குரலில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

சாயங்காலம் ஆனபோது நா வறண்டது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார். அவர் போனதும் கப்பல் படத்தைப் பார்த்துச் சிரித்தவள் மெதுவாகச் சொன்னாள். "அவங்க ஊட்ல தண்ணி இல்ல சார். மணல்ல ஊத்து தோண்டி, காலையில இருந்து குந்திக்கினு கொட்டாங்கச்சியில மொண்டு ரொப்பினது. அது எல்லாம் உங்க புக்குக்கு ஊத்தியாச்சி."

அந்த அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பிவந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக் குடித்தேன். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் அந்த வயதின் அசட்டு கௌரவம் விடவில்லை. "வரேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, பொழுது சாய்வதற்குள், காத்திருந்த படகில் ஏறிவிட்டேன்.

பல ஆண்டுகள் கழித்து, பழைய ஏடுகளைச் செப்பனிடுகிற ஒருவரிடம் அந்தப் புத்தகத்தைக் காட்டி, அது உப்பு ஏரியில் விழுந்ததைச் சொன்னேன். கந்தல்துணியில் செய்த காகிதம் இது, தண்ணீரைத் தாங்கும், உப்பைத் தாங்காது என்றார். உடனே யாரோ நல்ல தண்ணீரில் அலசியிருக்காவிட்டால் இன்றைக்கு இது இருந்திருக்காது, யார் செய்தது என்று கேட்டார்.

அந்த வாரமே குப்பத்துக்குப் போனேன். அந்த அம்மாவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. தெருக்குழாய் வந்திருந்தது. நான் யார் என்று சொன்னதும் கண் சுருக்கிப் பார்த்து, "கொடி தப்பா பறந்த புக்குதானே" என்றார். புத்தகம் பிழைத்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சுக்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன்.

"அது ஒன்னும் ஞாபகம் இல்ல சார்" என்றார். அவருக்கு ஞாபகம் இருந்தது என்று முகத்தைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்தது. "பொருள் போவுதேன்னு மனுசன் பதறுவான். நாங்க வலை அறுந்தா இதவிடக் கத்துவோம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தார். இறால் குழம்பு. வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

இப்போது என் வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் பழைய புத்தகங்கள் இருக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் எது அரியது என்று கேட்பார்கள். நான் புத்தகத்தைக் காட்டுவதற்கு முன்னால் அந்த அம்மாவைப் பற்றித்தான் சொல்லத் தொடங்குவேன். எழுத்தே தெரியாத ஒருவருக்கு என்னைவிட நன்றாகப் புத்தகத்தைக் காப்பாற்றத் தெரிந்திருந்தது. அதை நான் கத்தித் தீர்த்த பிறகுதான் கற்றுக்கொண்டேன் என்கிற கூச்சம் இன்றுவரை என்னைக் கொஞ்சம் அடக்கி வைத்திருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன்.