கனகலிங்கத்தாரின் இடது கால்

கால் பார்க்கிற வேலையில் நகம் வெட்டுவது சுலபம். காலைக் காட்ட வைப்பதுதான் கஷ்டம். அந்தச் செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தள மண்டபத்தில் நான் வாராவாரம் கால் பார்க்கிற இடத்துக்கு வந்தவர்கள்: தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வுபெற்ற கனகலிங்கம், அவருடைய மனைவி மங்களம், மாளிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும் ஹாஜரா. என்னோடு நாலு பேர். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், எல்லாருக்கும் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. நான் முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் கால் கழுவி மருந்து கட்டியவள். இதை வாசிக்கிற உங்களுக்கும் குனிந்தால் நிமிர முடியாது என்றால், உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஒற்றைக் கால்

முதலில் கதிரை முதுகைப் பிடித்து ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். நான் பத்து வரை எண்ணுவேன், அவசரப்பட மாட்டேன். மங்களம் ஒன்பது. ஹாஜரா ஏழு. கனகலிங்கம் வலது காலில் பத்தும் நின்றார். இடது காலில் நாலு. போன மாதம் அதே காலில் எட்டு நின்றவர். "தரை தெரியுதில்லை" என்றார். காலில் உணர்வு குறைகிறது; எனக்கு அது பிடிக்கவில்லை. கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவர் முகம் வாடியதைப் பார்த்து ஹாஜரா என் பக்கம் திரும்பினார்: "அவர்ல பிழையில்ல. ஒங்கட பத்து, மத்தவங்கட பதினஞ்சு."

மேஸ்

பிறகு கால் பார்ப்பது. தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்து, கழுவி, விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, நகத்தை நேராக வெட்ட வேண்டும். ஹாஜரா கேட்காமலே காலை நீட்டுவார். மங்களம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டுவார். கனகலிங்கம் மட்டும் ஒருநாளும் சப்பாத்தையும் மேஸ் என்கிற காலுறையையும் கழற்றியதில்லை.

அன்று நான் நிலத்தில் அமர்ந்து, பேசினை அவர் பக்கம் தள்ளினேன். அவர் காலைக் கதிரைக்கடியில் இழுத்துக்கொண்டார். கிளினிக்கில் என்றால் விடமாட்டேன். அங்கே நான் சீருடை போட்டவள். இங்கே மேல்வீட்டு அக்கா. இரண்டாம் தரம் கேட்க வாய் வரவில்லை. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாம் அக்கா. நீங்கள் என்னிலும் நாலு வயது மூப்பு. என்ர காலை நீங்கள் தொட்டால் அந்தப் பாவம் எனக்குத்தான்."

பதினாலாம் நாள்

அடுத்த செவ்வாய் கனகலிங்கமும் மங்களமும் வரவில்லை. பதினாலாம் நாள் மங்களம் தனியே வந்து கதிரையில் இருந்தார். கனகலிங்கத்தின் இடது சப்பாத்துக்குள் ஒரு சின்னக் கல் கிடந்திருக்கிறது. அவருக்கு நோவே தெரியவில்லை. மேஸ் ஈரமாகி மணக்கத் தொடங்கிய பிறகுதான் மங்களம் கழற்றிப் பார்த்திருக்கிறார். "உங்களிட்டக் காட்டச் சொல்லி நானும் சொல்லேல்லை. நீங்கள் அவற்ற காலைத் தொடுறது எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது" என்றார்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது காலில் இரண்டு விரல்களை எடுத்திருந்தார்கள். பேரப்பிள்ளை வயதில் ஒரு தாதி கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவர் காலை இழுக்கப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டார். "இப்ப சின்னப் பிள்ளையள்தான் தொடுகினம் அக்கா. பாவமும் இல்லை, விரலும் இல்லை."

கூச்சத்தை எழுத ஒரு கோடும் இல்லாத என் கொப்பியில் அன்று நான் எழுதியது இவ்வளவுதான்: ஆட்கள் நாலு, கால்கள் எட்டு, விரல்கள் முப்பத்தெட்டு.