பாதி அளந்த எல்லை

எங்கள் வீட்டுக் கதவின் கைப்பிடி கடிக்கும். பகிடிக்குச் சொல்லவில்லை. காலையில் கம்பளிச் சட்டையோடு எழுந்து போய் அந்தப் பித்தளைப் பிடியில் கை வைத்தால் விரல் நுனியில் சுள்ளென்று ஒரு கடி விழும். சில நாட்களில் சின்னப் பொறி பறப்பதும் தெரியும். வந்த முதற் கிழமை என் மனைவி மலர், வீட்டு வயரிங் பிழை, என்னைக் கொல்லத்தான் இங்கே கொண்டுவந்தீர்கள் என்று ஒரு சத்தம் போட்டாள். நான் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பிடியைத் தொட்டுப் பார்த்தேன். அப்போதும் கடித்தது. கடைசியில் மருமகன்தான் ரெலிபோனில் சிரித்துச் சிரித்து விளக்கினார். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் கம்பளியும் உடம்பும் உரசி மின்சாரம் சேருமாம். ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் கடற்காற்றில் கிடந்தவனுக்கு ஈரமே இல்லாத காற்று என்றொன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

இந்த இடத்தை மொனாரோ என்கிறார்கள். சிட்னியிலிருந்து தெற்கே ஒரு பகல் முழுக்கக் கார் ஓட வேண்டும். கடல் மட்டத்துக்கு மேலே மூவாயிரத்துச் சொச்சம் அடி. இந்த நாடு இப்போது அடியை விட்டு மீற்றருக்கு மாறிக்கொண்டிருக்கிறது, நான் மாறுவதாக இல்லை. மலை என்றதும் நுவரெலியாவை நினைத்துவிடாதீர்கள். தேயிலையும் இல்லை, மூடுபனியும் இல்லை. மழை எல்லாம் அப்பால் உள்ள பெரிய மலைகளிலேயே கொட்டித் தீர்ந்துவிட, மேகம் வெறுங்கையோடு எங்கள் பக்கம் வருகிறது. மரமில்லாத மேட்டு வெளி, மஞ்சள் புல், செம்மறி ஆடு, ஓயாத காற்று. காயப்போட்ட சேலை அரை மணித்தியாலத்தில் அப்பளம் மாதிரி விறைத்து நிற்கும். சிட்னியில் பரமட்டாவில் உள்ளவர்களும் யாழ்ப்பாணத்தில் உள்ளவர்களும் ஒரே கேள்வியைத்தான் எழுதிக் கேட்கிறார்கள்: “உங்களுக்கென்ன விசரே? பெத்த பிள்ளையை விட்டிட்டு அந்தக் காட்டுக்கு ஏன் போனனீங்கள்?” என்னிடம் ஒரு பதில்தான் இருக்கிறது. என் மனைவியால் இங்கேதான் படுத்து நித்திரை கொள்ள முடியும்.

மலருக்குத் தொய்வு, மூச்சிழுப்பு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து மாரி காலத்தில் வந்து போய்க்கொண்டிருந்தது, சிட்னிக்கு வந்தபின் போக மறுத்துவிட்டது. வெள்ளைத் தோலுக்கு மட்டும் திறந்திருந்த இந்த நாட்டின் கதவு எங்களுக்கும் திறந்து சில வருடங்கள்தான் ஆகின்றன. அப்படி வந்த டொக்டர்களில் என் மருமகனும் ஒருவர். பரமட்டாவில் அவரும் என் மகள் வசந்தியும் எடுத்திருந்த வீடு நல்ல வீடுதான், ஆனால் சுவரெல்லாம் ஈரம், விரிப்பெல்லாம் பூஞ்சணம். மலர் குசினியில் ஒரு கதிரையைப் போட்டு, மேசையில் இரண்டு முழங்கையையும் ஊன்றி, இருந்தபடியே கண்ணை மூடுவாள். அந்த இழுப்புச் சத்தம் அடுத்த அறையில் கிடக்கும் எனக்குக் கேட்கும். மருமகன் எத்தனையோ மருந்து கொடுத்துப் பார்த்தார். கடைசியில் அவருடைய பெரிய டொக்டர் ஒருவர், ஈரமில்லாத உயர்ந்த இடத்தில் சிலருக்குக் குறைகிறது, வைத்துப் பாருங்கள் என்றார். இங்கே மலையில் அணை கட்டும் வேலைகள் முடிந்து ஆட்கள் போய்விட்டபடியால் வீடுகள் சும்மா கிடந்தன. மருமகன் பத்து ஏக்கரோடு ஒரு பலகை வீட்டை வாங்கிவிட்டார். மலர் அழுதாள். “மூச்சு விடுறதுக்காண்டிப் பேரப்பிள்ளையள விட்டிட்டுப் போறதோ?” என்றாள். ஒரு வருசம் பார்ப்போம், சரிவராவிட்டால் திரும்புவோம் என்று நான் வாக்குக் கொடுத்தேன். வந்த மூன்றாம் நாள் அவள் கட்டிலில் நீட்டி நிமிர்ந்து, வாயை மூடி, சத்தமில்லாமல் தூங்கினாள். மூச்சு இருக்கிறதா என்று பக்கத்தில் போய்ப் பார்த்தேன், அவ்வளவு அமைதி.

ஆகவே அவளுக்குச் சரிவந்துவிட்டது. சரிவராதவன் நான். முப்பது வருடம் இலங்கை அரசாங்கத்தில் சர்வேயராக இருந்தவன். சிங்களம் படித்துப் பரீட்சை எழுதாவிட்டால் உயர்வில்லை என்றார்கள். எழுதமாட்டேன் என்று நேரத்தோடே ஓய்வெடுத்தேன். அந்தக் கோபத்தையும் பெட்டியில் கட்டிக்கொண்டுதான் கப்பலேறினேன். இங்கே அதை இறக்கி வைக்க ஆளில்லை. கார் ஓட்டத் தெரியாது. தபால்பெட்டி வரைக்கும் நடப்பேன், திரும்புவேன், மறுபடியும் நடப்பேன். ஒரு மனிதனோடு தமிழில் நாலு சொல் சண்டை பிடித்தால் போதும் என்று இருக்கும். மலரோ ஒரு பழைய கம்பளித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெந்தயக்கீரை விதைப்பாள். அவள் பாட்டுக்குச் சந்தோசமாய் இருப்பதைப் பார்க்க எனக்கு எரிச்சல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எரிச்சல்தான்.

எங்களுக்கிருந்த ஒரே அயலவர் கிளாரி. அறுபத்தைந்து வயது, மனைவி இல்லை, முந்நூறு ஆடு, யூட் என்கிற ஓர் அரை லொறி. வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வாசற் படலையில் வந்து ஹோர்ன் அடிப்பார், நாங்கள் ஏறிப் பட்டணத்துக்குக் கடைக்குப் போவோம். நான் பாடசாலையில் படித்த இங்கிலீசில் முழு வசனமாகப் பேசுவேன், அவர் வாயைப் பாதி திறந்து “யே” என்பார். மலர் பத்துச் சொல்லை வைத்துக்கொண்டு கையால் பேசுவாள், அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். அவள் கொடுக்கும் மல்லித்தண்ணியைக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்பார். எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

பொழுது போகாமல் ஒருநாள் காணி உறுதிப் பத்திரத்தை எடுத்து அதிலுள்ள வரைபடத்தைப் பார்த்தேன். எங்களுக்கும் கிளாரிக்கும் எல்லை ஓர் ஓடை. மழை பெய்தால் ஓடும், மற்ற நாளில் வளைந்து வளைந்து கல்லும் மணலுமாய்க் கிடக்கும். ஆனால் கம்பி வேலி ஓடையில் இல்லை, எங்கள் பக்கம் நன்றாகத் தள்ளி நின்றது! எனக்கு உடம்பெல்லாம் விறுவிறுத்தது. யாழ்ப்பாணத்து வேலிகளை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருட வேலி அடைப்புக்கும் கதியால் தடி ஒரு விரற்கடை அடுத்தவன் வளவுக்குள் காலெடுத்து வைக்கும். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு குடையோடு இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் சங்கிலி பிடித்தவன் நான். அந்தச் சண்டைகளை அளந்து சோறு தின்றவனுக்கே ஒருத்தன் இங்கே வேலி கட்டிவிட்டானே! பட்டணத்தில் ஒரு பழைய அளவைச் சங்கிலி வாங்கி, தெற்கு மூலையில் தொடங்கி அளந்தேன். அரை ஏக்கருக்கு மேல் போயிருந்தது. வேலிக்கு அப்பால் முளை அடித்து, ஒவ்வொரு முளையிலும் மலரின் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினேன். பிறகு மேசையில் இருந்து, ‘ஐயா, தங்கள் வேலி எமது காணிக்குள் அமைந்திருப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்’ என்று இங்கிலீசில் ஒரு பக்கம் எழுதி, எங்கள் படலையிலிருந்து அரை மைலில் இருக்கும் மனிதருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு நன்றாகப் பசித்தது.

மலருக்குத் தெரியவந்தபோது தலையில் கை வைத்தாள். “கடல் தாண்டி வந்தும் வேலிச் சண்டையோ? அந்த மனிசன் பாவம். சும்மா இருங்கோவன்.”

“உமக்குத் தெரியாது. நான் அளந்து பாத்தனான்,” என்றேன்.

“எங்க மட்டும் அளந்தனீங்கள்?” என்று கேட்டாள். நான் சங்கிலியை எடுத்துச் சுருட்டத் தொடங்கினேன்.

அடுத்த வெள்ளியும் ஹோர்ன் அடித்தது. மலர் போனாள், நான் கௌரவமாக வீட்டில் இருந்தேன். கடிதம் பற்றிக் கிளாரி ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். இரண்டு கிழமை கழித்து ஒரு காலையில் யன்னலால் பார்க்கிறேன், அவர் ஆடுகளை ஓடைக்கு அப்பால் ஓட்டிவிட்டு, குறடும் அலவாங்கும் வைத்துக்கொண்டு வேலியைக் கழற்றுகிறார். எனக்குச் சந்தோசத்தில் ஏறிய புளுகத்தைச் சொல்லி முடியாது. “இஞ்ச வந்து பாரும்! எழுத்திலை குடுத்தால் வெள்ளைக்காரனும் அசைவான்!” என்று கத்தினேன்.

மலர் வந்து பார்த்தாள். கையிலிருந்த தண்ணீர்ச் சட்டியை மெல்லக் கீழே வைத்தாள். “அப்ப எங்கட தண்ணிப் பம்பு ஆரின்ர பக்கம் போகும்?”

“பம்புக்கு என்ன?”

“மேல் பக்கம் வேலி ஓடைக்கு அங்கால எல்லோ நிக்குது. ஊத்து இருக்கிறது கிளாரியின்ர காணியிலை. ஓடை பெருகினால் கம்பி நிக்காதாம். அதாலை அந்தக் காலத்திலை கிளாரியின்ர தேப்பனும் எங்கட பழைய காணிக்காரனும் பேசி, கீழ இவை கொஞ்சம் எடுத்து, மேல எங்களுக்குக் கொஞ்சம் விட்டவையாம். யூட்டிலை போகேக்க கையக் காட்டிச் சொன்னவர்.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்குத் தெரியாதே? நீங்கள் எல்லோ சர்வேயர்.”

உறுதியை எடுக்க ஓடினேன். அவள் சொன்னது அச்சொட்டாகச் சரி. வடக்கே ஓடைக்கு அப்பால், கிளாரியின் நிலத்தில், நாங்கள் குடிக்கும் ஊற்றும் எங்கள் பெற்றோல் பம்பும் நின்றன. கூரையிலிருந்து தாங்கித் தொட்டியில் விழும் மழைத்தண்ணீர் இந்த ஊரில் இரண்டு மாதத்துக்கும் காணாது. வேலி உண்மையான எல்லைக்குப் போனால் தண்ணீரில்லை. தண்ணீரில்லாவிட்டால் வீடில்லை. வீடில்லாவிட்டால் மலர் மறுபடியும் பரமட்டாக் குசினிக் கதிரையில் முழங்கை ஊன்றிக்கொண்டு இருப்பாள். முப்பது வருடத்தில் ஒரு காணியைக்கூட அளந்து பாதியில் நிறுத்தியவனல்ல நான். இதை நிறுத்தினேன். ஏனென்றால் எனக்கு எல்லை தேவைப்படவில்லை, சண்டை தேவைப்பட்டது.

உறுதியும் சங்கிலியுமாகச் செருப்போடு ஓடினேன். அந்த உயரத்தில் ஓடினால் எனக்குத்தான் மூச்சு வாங்கும். கிளாரி நிமிர்ந்து பார்த்து, ஏதோ சாவுச் செய்தி என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டார். நான் முழு வசனமெல்லாம் மறந்து, “ஸ்ரொப், ஸ்ரொப். ஐ மெஷர் ஹாஃப். ஒன்லி ஹாஃப்,” என்றேன். அவருக்கு விளங்க நேரம் எடுத்தது. பிறகு அவர் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: நீ அளக்கிற வேலை செய்தவன். தாளில் எழுதித் தந்தாய். என்னிடம் தாள் இல்லை, என் அப்பா வாயால் சொன்னது மட்டும்தான் இருக்கிறது. அதனால் உன்னுடையதுதான் சரியாக இருக்கும் என்று நினைத்தேன். ஊற்றிலே நீ எப்போதும் போலத் தண்ணீர் எடுக்கலாம், படலை ஒன்று போட்டுத் தருவதாகத்தான் இருந்தேன்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குறடைக் காற்சட்டையில் செருகிவிட்டு, “சரி, மீதியையும் அள,” என்று சங்கிலியின் மறு நுனியைத் தூக்கினார். ஊற்று வரைக்கும் இரண்டு பேரும் அளந்துகொண்டே போனோம். நான் பென்சிலை எடுத்துக் கூட்டப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆருக்குக் கூட, ஆருக்குக் குறைய என்று வீட்டுக்கு வந்து இரகசியமாகப் பார்த்துவிட்டேன். பழக்கம் விடுமோ? உங்களுக்குச் சொல்லமாட்டேன். அடுத்த நாள் பழைய குழிகளிலேயே தூண்களை நட்டோம். கம்பியை நான் பிடித்தேன், அவர் முறுக்கினார்.

அன்று பின்னேரம் மலரிடம் உண்மையைச் சொன்னேன். “எனக்கு இஞ்ச இருக்க ஏலாமல் கிடந்தது. போறதுக்கு ஒரு சாட்டுத் தேடினனான்.”

“என்ர மூச்சை வச்சோ விளையாடினனீங்கள்?” என்றாள். இரண்டு நாள் என் தேத்தண்ணியை நானே போட்டுக் குடித்தேன். மூன்றாம் நாள் அவளே வந்து, “நானும் போகத்தான் ஆசைப்படுறன். பிள்ளையள் அங்க, மூச்சு இஞ்ச. என்னை ரெண்டாய் வெட்டவோ?” என்று கேட்டுவிட்டு அழுதாள். இத்தனை மாதமும் அவள் சந்தோசமாய் இருக்கிறாள் என்று நினைத்துத்தான் நான் எரிந்துகொண்டிருந்தேன்.

சொன்ன ஒரு வருடம் போன மாதம் முடிந்தது. வசந்தி வந்து, மூச்சு தாங்கும் வரைக்கும் பரமட்டாவில் இருக்கட்டும் என்று தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். என்னையும் கூப்பிட்டாள். பம்புக் குழாயில் தண்ணீரை வடிக்காவிட்டால் பனிக்கு உறைந்து வெடித்துவிடும், ஆள் வேண்டும் என்று சொன்னேன். அது பொய்யில்லை. கிளாரியும் நானும் சேர்ந்து பார்க்க ஒரு வேலியும் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மலர் ரெலிபோன் எடுப்பாள். பின்னால் பேரப்பிள்ளைகளின் சத்தமும் வசந்தி தோசை சுடும் சத்தமும் கேட்கும். “எப்பிடி மூச்சு?” என்பேன். “ஒரு குறையுமில்லை. நீங்கள் சாப்பிட்டியளோ?” என்பாள். பிறகு அவள் கதைப்பதில் பாதி என் காதில் ஏறாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அந்த இழுப்பு வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பேன். வரக்கூடாது என்று வேண்டுவேன். வந்தால் அவள் திரும்பி வந்துவிடுவாள் என்றும் நினைப்பேன். முதல் இரண்டு ஞாயிறும் குரல் சுத்தமாக இருந்தது. இன்று காலை, பேரன் பல்லு விழுந்த கதையைச் சொல்லிச் சிரித்து முடித்தபோது, கடைசியில் மெல்லிதாக ஓர் இழுப்புக் கேட்டது. “என்ன சத்தம்?” என்றேன். “ஒண்டுமில்லை, சிரிச்சதாலை,” என்றாள். நான் ரெலிபோனை வைத்துவிட்டுப் போய், அவளுடைய மெத்தையைத் தூக்கி வெயிலில் போட்டேன்.