மூக்கில் முதல் கை யாருடையது?

காது, மூக்கு, தொண்டை என்று போர்டில் எழுதியிருந்தாலும், குழந்தைகள் வந்தால் நான் முக்கால்வாசி மூக்கு டாக்டர்தான். பிள்ளை வளர்த்துப் படாதபாடு படும் உங்களுக்குத் தெரியாததா? வாய்க்குப் பிடிக்காததெல்லாம் மூக்குக்குத்தான் போகும்.

இந்தத் தொழிலில் நான் நம்புவது ஒன்றே ஒன்று. உள்ளே போன பொருளை எடுக்க முதல் தடவைதான் நல்ல தடவை. என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் குழந்தை சும்மா உட்கார்ந்திருக்கும். அது தவறிப்போனால் அப்புறம் மூக்குப் பக்கம் ஈயைக்கூட விடாது. அந்த முதல் தடவையை எனக்கு விட்டுவையுங்கள் என்றுதான் கோயமுத்தூரில் இத்தனை வருஷமாகப் பெற்றோரோடு மல்லுக்கட்டுகிறேன்.

நிலக்கடலை

சாந்தி அன்னூர்க்காரி. களத்தில் காயப்போட்ட கடலைக்குப் பக்கத்தில் விளையாடிய மகன், ஒரு பருப்பை மூக்கில் போட்டுக்கொண்டான். புருஷன் டார்ச் அடிக்க, இவள் ஹேர்பின்னால் நெம்ப, பருப்பு இன்னும் உள்ளே போய்விட்டது. போதாததற்குத் தேங்காய் எண்ணெய் வேறு விட்டிருக்கிறார்கள். என்னிடம் வந்தபோது மூக்கில் ரத்தம். பையன் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்த குழந்தைகளும் அழ ஆரம்பித்துவிட்டன.

மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டியதாயிற்று. எனக்குக் கோபம் வந்தால் லேசில் அடங்காது. ஆபரேஷன் தியேட்டர் வாசலிலேயே அவளைப் பிடிபிடியென்று பிடித்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னாள்:

"திட்டுங்க டாக்டரம்மா, வாங்கிக்கறனுங்க. ஆனா இனி இப்படி ஆனா என்ன செய்யோணும்னு சொல்லாம உட்டுப்போடாதீங்க."

அத்தர்

உக்கடத்து அத்தர் வியாபாரி ஒருவர், மகன் மூக்கில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று அடித்துச் சொன்னார். வெள்ளிக்கிழமையானால் பையன் நாள் முழுக்கத் தும்முகிறானாம். பட்ஸ் விட்டுத் துழாவியும் பார்த்தாராம். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமெடுத்துச் சளி வந்தால் பொருள் இருக்கிறதா என்று சந்தேகப்படலாம். இவனுக்கு இரண்டு பக்கமும் தண்ணீராக ஓடியது, அரிப்பும் இருந்தது. எட்டிப் பார்த்தேன், உள்ளே ஒன்றுமில்லை. ஆனால் காது மடிப்பில் அத்தரில் நனைத்த பஞ்சு இருந்தது. ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது அப்பாவே ஆசையாக வைத்துவிடுவது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள் என்று அனுப்பினேன். தும்மல் நின்றதைச் சொல்ல வந்தவர், சிரித்துக்கொண்டே சொன்னார்:

"என் சரக்கை ஊருல ஒருத்தரும் குறை சொன்னதில்லீங்க, ஊட்டுக்குள்ளயே ஒரு இன்ஸ்பெக்டர் பொறந்திருக்கான்."

பட்டன் பேட்டரி

ஒரு மத்தியானம் சாந்தி மறுபடி ஓடி வந்தாள். இடுப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை. பின்னால் அழுதபடி அதன் அம்மா. பொம்மையிலிருந்து கழன்ற பட்டன் பேட்டரி மூக்குக்குள். பேட்டரி உள்ளே தங்கினால் சில மணி நேரத்திலேயே மூக்கின் நடுச்சுவரை அரித்து ஓட்டை போட்டுவிடும்.

அந்த வீட்டிலும் ஹேர்பின், எண்ணெய் பாட்டில் எல்லாம் தயாராக வந்திருக்கின்றன. சாந்தி இரண்டையும் பிடுங்கி வைத்துவிட்டு, தாயையும் பிள்ளையையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டாள். தொடாதே, எண்ணெய் விடாதே, பேட்டரி என்றால் வழியில் டீ குடிக்கக்கூட நிற்காதே என்று அன்றைக்குத் திட்டோடு திட்டாக நான் சொன்னதில் ஒன்றையும் அவள் மறக்கவில்லை.

குழந்தையைப் போர்வையில் சுற்றி சாந்தியின் மடியில் உட்காரவைத்தேன். அது என்னை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வளைந்த கொக்கியை உள்ளே விட்டு ஒரே இழுப்பு. பேட்டரி தட்டில் விழுந்தது. உள்ளே லேசாகக் கருத்திருந்தது, அவ்வளவுதான். சுவர் தப்பியது. எத்தனையோ பெரிய ஆபரேஷன் செய்திருக்கிறேன், அன்றைக்கு வந்த பெருமை எதற்கும் வந்ததில்லை. நல்ல வேலை செய்தாய் என்று சாந்தியிடம் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்:

"மொதக் கை உங்களுதா இருக்கோணும்னு, பெத்தவளைக்கூட நான் தொட உடலீங்க."

இத்தனை காலம் நான் தொண்டை கிழியக் கத்தியதற்கு அன்னூரில் ஒரு ஆள் தேறிவிட்டாள், ஒரே குறை, அவளும் இப்போது என்னைப் போலவே எல்லோரையும் திட்டுகிறாளாம்.