பெட்டி எனக்கு, கைப்பிடி அவருக்கு

என் அண்ணன் கொல்லத்தில் மிளகு வியாபாரம் செய்தார். எனக்குக் கல்யாணமான மறுவருஷம் ஒரு கிராமபோன் பெட்டியை மடியில் வைத்தபடியே ரயிலில் வந்து, செங்கோட்டை தாண்டித் தென்காசியில் இறங்கினார். கூடவே ஆறு இசைத்தட்டு, ஒரு தகர டப்பா நிறைய முள். கூடத்தில் பத்துப் பேர் இருக்கும்போதே, "இது என் தங்கச்சிக்கு. வேற யாருக்கும் இல்ல" என்று சொன்னார். சொன்ன கையோடு, "மாப்ள, இங்கன வாங்க, எப்படிச் சுத்தணும்னு காட்டுதேன்" என்று கைப்பிடியை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டார். பெட்டி என்னிடம் வந்ததும் என்னை விட்டுப் போனதும் அந்த அரை நிமிஷத்தில்தான்.

அந்தக் காலத்துப் பெட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளே ஒரு சுருள்வில், பக்கத்தில் ஒரு துளை. துளையில் ஒரு சாண் நீளமுள்ள வளைந்த இரும்புக் கைப்பிடியைச் செருகி முப்பது சுற்றுச் சுற்றினால்தான் தட்டு சுழலும், பாட்டு வரும். கைப்பிடி இல்லையென்றால் அது வார்னிஷ் அடித்த மரப்பெட்டி. மேலே வெற்றிலைச் செல்லத்தை வைத்துக்கொள்ளலாம்.

என் வீட்டுக்காரர் முன்சீப் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. பத்திரங்கள் இருக்கும் அலமாரியில் கைப்பிடியையும் வைத்துப் பூட்டினார். சாவி அவர் பூணும் வெள்ளி அரைஞாணில். நான் வாய் திறந்து கேட்டேன். கேட்காமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"பெட்டி ஒன்னுதுதாம்ட்டி. யாரு இல்லேன்னா?" என்றார். "பாத்தியதை ஒனக்கு, அனுபோகம் எனக்கு. அவ்வளவுதான்."

வயலுக்கும் தோப்புக்கும் பேசுகிற பேச்சை ஒரு பாட்டுப் பெட்டிக்குப் பேசியது அவருக்கே பிடித்துப்போய்விட்டது. வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிச் சிரிப்பார். கூடவே, "பன்னெண்டு வருஷம் ஒருத்தன் தடையில்லாம அனுபவிச்சிட்டா, சொத்தே அவனுக்குத்தான் தெரியும்லா?" என்று சட்டத்தையும் ஒப்பிப்பார். நான் அடுப்படியில் இருந்து அதைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் ஆனால் அவருடைய சிநேகிதர்கள் நாலைந்து பேர் வந்துவிடுவார்கள். எல்லோரும் விஞ்ஞானம் தெரிந்தவர்கள். பொம்பளைக் கை பட்டால் வில் அறுந்துவிடும் என்று ஒருவர் கண்டுபிடித்திருந்தார். சுற்றுக் கணக்கு பொம்பளைகளுக்குப் பிடிபடாது என்றார் இன்னொருவர். அன்றைக்குக் காலையில் நான் ராட்டினத்தில் முப்பது வாளி தண்ணீர் இறைத்து, ஆட்டுக்கல்லில் மாவாட்டி, திருகையில் அரைப்படி உளுந்து உடைத்திருந்தேன். எல்லாமே சுற்றுகிற வேலைதான். ஆனால் திருகைக் கைப்பிடியை அந்த வீட்டில் யாரும் அலமாரியில் வைத்துப் பூட்டியதில்லை. அதில் பாத்தியதை, அனுபோகம் இரண்டையும் எனக்கே தாராளமாகக் கொடுத்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தால் தேச விடுதலை. "நாடு நம்ம நாடு. கஜானா சாவிய மட்டும் அவன் இடுப்புல முடிஞ்சிருக்கான். இது என்ன நியாயம்?" என்று என் வீட்டுக்காரர் கொதித்துப் பேசுவார். பேசும்போது கை இடுப்புச் சாவியைத் தடவிக்கொண்டிருக்கும். அவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தவள் நான்தான். எனக்குச் சிரிப்பு வந்ததை யாரும் பார்க்கவில்லை.

ஆறு தட்டில் ஒன்று நாதஸ்வரம். அதற்காகத்தான் எனக்கு உயிர் போயிற்று. ஆனால் அவருக்கு நாடகப் பாட்டுத்தான் பிடிக்கும். நாதஸ்வரத்தை எப்போதாவது வைப்பார். அப்போது பார்த்து எனக்கு அடுப்பில் ஏதாவது தீயும். அண்ணன் எனக்கென்று கொண்டுவந்த பெட்டியை நான் முழுசாக உட்கார்ந்து கேட்டதே இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சோறு இல்லை, துணி இல்லை என்றால் சொல்லலாம். பாட்டு இல்லை என்றால் சிரிப்பார்கள்.

ஒருநாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. நாதஸ்வரத் தட்டை வைத்து, முள்ளை இறக்கி, ஆள்காட்டி விரலால் தட்டைச் சுற்றிப் பார்த்தேன். சத்தம் வந்தது! வித்வான் தூக்கக் கலக்கத்தில் வாசிக்கிற மாதிரி இழுத்து இழுத்து வந்தது. விரல் வேகம் கூடினால் பதறி எழுந்து ஓடும், குறைந்தால் மறுபடி படுத்துவிடும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பிறகு தினமும் மத்தியானம் அதுதான் என் கச்சேரி. மூன்றாம் மாதம் அவர் கோர்ட்டிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்றபடி, "கையை எடு. தட்டு தேஞ்சிரும்" என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நான் கையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அன்றைக்குப் பட்ட அவமானம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது. அதற்குள் ஜெர்மன் சண்டையும் வந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் விழுந்தால் தென்காசியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு உறவு பெருகும். அந்த ஆடியிலும் அவருடைய தங்கை குடும்பம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியது. தங்கை மாப்பிள்ளைக்குப் பாட்டுப் பைத்தியம். "மச்சான், கைப்பிடிய எடுங்க" என்று பொழுது விடிந்ததிலிருந்து பின்னாலேயே திரிந்தார். விருந்தாளிகளின் நகையை வைக்கவென்று அலமாரிச் சாவியைத் தங்கையிடம் கொடுக்கும்படி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் யோசித்தார். குளிக்கப் போகும்போது கைப்பிடியைக் கையோடு எடுத்துக்கொண்டார்.

பேரருவியில் ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் நாங்கள். தண்ணீர் அன்றைக்கு நல்ல கனமாக விழுந்தது. கரையில் வைத்தால் களவு போய்விடும் என்று கைப்பிடியை இடுப்புத் துண்டில் இறுக்கிச் சொருகிக்கொண்டு அருவிக்கு அடியில் போய் நின்றார் மனுஷர். அலமாரியா அது, பூட்டிக்கொண்டு நிற்க? கொஞ்ச நேரத்தில் பார்க்கிறேன், குனிந்து பாறை இடுக்கெல்லாம் துழாவிக்கொண்டிருக்கிறார்.

"என்ன அண்ணாச்சி, சங்கிலியா போச்சு?" என்று எண்ணெய் வழிய நின்ற ஒருவர் அருவிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்டார்.

"கைப்பிடி" என்று இவரும் கத்தினார்.

"என்ன கைப்பிடி?"

அவர் மறுபடி குனிந்து துழாவ ஆரம்பித்தார். நான் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். அருவிச் சத்தத்தில் எவ்வளவு சிரித்தாலும் வெளியே கேட்காது.

புதுக் கைப்பிடி கேட்டு மதராஸ் கம்பெனிக்கு எழுதிப் பார்த்தார். சண்டை முடியட்டும் என்று பதில் வந்தது. ஒரு மாதம் போனதும், "அது ஒன் பெட்டி. நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டார். பாடுகிற வரைக்கும் பாத்தியதை மட்டும் வைத்திருந்தேன். பாடாத பெட்டியை முழுசாக, ஒரு வில்லங்கமும் இல்லாமல், எனக்கே ஒப்படைத்தார்.

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. இலத்தூருக்குச் சித்தியைப் பார்க்கப் போவதாகச் சொல்லி வண்டி கட்டச் சொன்னேன். பெட்டியைப் போர்வையில் சுற்றி உள்ளே வைத்துக்கொண்டு, செங்கோட்டை ரோட்டில் பஸ் ஷெட் முன்னால் வண்டியை நிறுத்தினேன். அங்கே ஒரு மெக்கானிக் இருந்தார். அந்தக் காலத்தில் பஸ்ஸையும் முன்னால் நின்று கைப்பிடி போட்டுச் சுற்றித்தானே கிளப்ப வேண்டும். அவர் துளைக்குள் எட்டிப் பார்த்தார், அளவெடுத்தார், பழைய இரும்புக் கம்பி ஒன்றைக் காய்ச்சி வளைத்து, மரை போட்டு, மரப்பிடியும் மாட்டிவிட்டார்.

"யக்கா, கையோட ரெண்டா அடிச்சிருவமா? ஒண்ணு தொலைஞ்சாலும் ஒண்ணு கெடக்கும்லா."

"ஒண்ணு போதும்" என்றேன். ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை.

அன்றைக்குச் சாயந்திரம் அவர் கோர்ட்டிலிருந்து வரும்போது நாதஸ்வரம் சரியான வேகத்தில் வாசித்துக்கொண்டிருந்தது. நான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் பக்கத்தில் வந்து, "எங்க, அதைக் கொடு பாப்போம்" என்று கையை நீட்டினார்.

"ஒம்பது வருஷந்தான் ஆகுது" என்றேன். "பன்னெண்டு ஆகல."

கைப்பிடியை இடுப்பில் சொருகிக்கொண்டேன். பேசத் தெரிந்த மனுஷர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டு திண்ணைக்குப் போனார். சிநேகிதர்கள் வந்தார்கள், வெற்றிலை போட்டுவிட்டுப் போனார்கள். நாடகப் பாட்டுத் தட்டுகள் ஐந்தையும் நான் அடுக்கி அடுப்படி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தேன். முள் டப்பா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஐந்தில் ஒன்றைக்கூட நான் வைக்கவில்லை. யார் கேட்டாலும், "வில்லு அத்துப்போகும்" என்று சொல்வேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பினேன். வாசற்படி ஏறும்போதே சத்தம் கேட்டது. அவருக்குப் பிடித்த நாடகப் பாட்டு, இழுத்து இழுத்து, தூங்கி விழுந்து வந்தது. அவர் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஆள்காட்டி விரலால் தட்டைச் சுற்றிக்கொண்டிருந்தார். காதைப் பெட்டியோடு ஒட்டி வைத்திருந்தார். நான் வந்ததைக் கவனிக்கவில்லை.

கைப்பிடி என் இடுப்பில்தான் இருந்தது. எடுத்துக் கொடுக்கலாம். கொடுக்கத்தான் நினைத்தேன்.

"கையை எடுங்க. தட்டு தேஞ்சிரும்" என்றது என் வாய்.

அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனார். அந்த நடையை எனக்குத் தெரியும். நானே நடந்த நடைதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பஸ் ஷெட்டுக்குச் சொல்லியனுப்பி இரண்டாவது கைப்பிடி ஒன்று செய்து அவர் கையில் கொடுத்தேன். ஆனால் சொல்லியனுப்ப எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் தினம் சாயந்திரம் நாதஸ்வரம் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது.