செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்ரீரங்கம்

என் தம்பி சேகருக்கு ஸ்ரீரங்கம் போக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. சர்க்கரை நோயால் போன வருடம் அவனுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். செயற்கைக் கால் பொருத்தி, டீக்கடை வரை நடக்கப் பழகினான். ஒருநாள் எங்கள் தெருப் பிள்ளையார் கோயிலில் ஷூவைக் கழற்றியதும் மல்லாக்க விழுந்தான். ஷூவின் உயரத்துக்கு அளவெடுத்த கால் அது. ஷூ இல்லாவிட்டால் குதிகால் தாழ்ந்து உடம்பு பின்னால் சாயும். அப்போது எங்களுக்கு இது தெரியாது. சாமிக்கே நான் வருவது பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

திருச்சி அரியமங்கலத்தில் ஒரு சர்ச்சில் சனிக்கிழமைதோறும் கால் இழந்தவர்களுக்கு நடைப் பயிற்சி தருவதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். தை மாதத்து ஒரு சனிக்கிழமை, தஞ்சாவூரில் காலை 6.40 பஸ்ஸைப் பிடித்து 8.10க்கு அங்கே இறங்கினோம். கோயிலுக்கு என்று சொல்லி சர்ச்சுக்கு இழுத்து வந்துவிட்டேன் என்று வழியெல்லாம் அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பொய் சொன்னது நான்தானே.

பயிற்சி தருபவர் லாரன்ஸ். லேத் பட்டறைக்காரர், தம்பியைவிட நாலைந்து வயது இளையவர். விபத்தில் வலது கால் போனவர். சேகர் விழுந்த கதையைக் கேட்டதும் தன் பேன்ட்டை உயர்த்திக் காட்டினார்.

"நானும் செருப்பைக் கழட்டினதும் இந்த வாசல்லதாண்ணே விழுந்தேன். பூசைக்கு வந்த அத்தனை பேரும் பாத்தாங்க. எட்டு மாசம் வீட்டை விட்டு வரல. ஃபாதர்தான் வீட்டுக்கு வந்து நற்கருணை அப்பம் குடுப்பாரு."

பிறகு பட்டறையில் ரப்பரைச் சீவிக் குதிகாலுக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறார். விழாமல் நின்றிருக்கிறார். இப்போது ஒரு பிஸ்கட் டப்பா நிறைய, விதவிதமான உயரத்தில் ரப்பர் துண்டுகள் வைத்திருக்கிறார். சேகருக்குச் சரியானதை ஒட்டி, மேலே சாக்ஸ் மாட்டி, சர்ச் வாசலிலிருந்து பீடம் வரை ஒரு மணி நேரம் நடக்கவிட்டார். எந்தக் கோயில், என்ன சாதி என்று எதுவும் கேட்கவில்லை. செயற்கைக் கால் செய்த இடத்திலும் இதைக் காட்டிவிடச் சொன்னார்.

அதற்குப் பிறகு அவரே எங்களுடன் கிளம்பினார். டவுன் பஸ்ஸில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் இருபது நிமிடம் ஸ்ரீரங்கம். எனக்கு டிக்கெட் இல்லை, பெண்களுக்கு இலவசம். படியில் சேகரின் கையைப் பிடிக்கப் போனேன். லாரன்ஸ் தடுத்தார்.

"விடுங்கக்கா. நீங்க பிடிச்சா உங்களைத்தான் நம்புவாரு. அவரு காலை நம்பட்டும்."

கோபுர வாசலில் சேகர் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, குதிகாலில் ரப்பரை ஒட்டி சாக்ஸை மாட்டினான். எழுந்தான். நின்றான். ஷூவைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி லாரன்ஸ் வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார். பொது வரிசையில் ஒன்றேகால் மணி நேரம். பெருமாளைப் பார்க்காமல் தம்பியின் காலையே பார்த்துக்கொண்டு நான்தான் அழுதேன்.

வெளியே வந்ததும் சேகர் லாரன்ஸிடம், உள்ளே எந்தெந்த இடத்தில் கல் ஈரமாக இருக்கிறது, எங்கே சாக்ஸ் வழுக்குகிறது என்று மூச்சுவிடாமல் சொன்னான்.

"அடுத்த வாரம் ஒருத்தர் புதுசா வர்றாரு. நீங்களே வந்து சொல்லுங்கண்ணே. உள்ள நடந்தது நீங்கதான்."

போகிறவர்களுக்கு: வெயில் ஏறினால் பிராகாரக் கல் சுடும், காலையிலேயே போங்கள். நடை சாத்தும் நேரத்தை முன்பே விசாரியுங்கள். கூடுதலாக ஒரு ஜோடி சாக்ஸ் அவசியம்.

இதை எழுதுவது அடுத்த சனிக்கிழமை காலையில். சேகர் 6.40 பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். என்னைக் கூப்பிடவில்லை.